ஒரே ஒரு மே

அந்தத் தெருவின் மேற்குப் பாதியில் மே மாதம் தொடங்கிப் பல வருடமாகியும் இன்னும் முடியவில்லை. கிழக்குப் பாதியில் மாதங்கள் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருக்கின்றன. நடுவில் நிற்கிற தூண்தான் எல்லை. மழைக்காலத்தில் தூணுக்குக் கிழக்கே தையற்கடை வரை மழை கொட்டும். மேற்கே முடிதிருத்தும் கடையிலிருந்து வெயில் காயும். நடுவே ஒரு முழ அகலத்துக்கு ஈரமா, காய்ந்ததா என்று சொல்ல முடியாத தார் ரோடு. வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர் குழாய்த் தண்ணீர், மின்சாரம், மே மாதம் என்ற வரிசையில்தான் வசதிகளைச் சொல்வார். மேற்குச் சுவரோடு மே முடிந்துவிடும். சுவருக்கு அப்பால் ரயில்வே கிடங்கு. அங்கே என்ன மாதம் நடக்கிறது என்று எப்போதுமே யாருக்கும் தெரிந்ததில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

இதில் நிஜமாகவே நஷ்டப்பட்டது ஒரே ஒருத்தி. நகரசபைத் தலைவரின் மகள். மேற்குக் கோடியில் அப்பாவோடும் அத்தையோடும் குடியிருந்துகொண்டு, கிழக்குப் பக்கத்து அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்த்தவள். அவளுடைய கல்யாணம் ஜூனில் என்று முடிவாகியிருந்தது.

மாப்பிள்ளை, தெருவின் கிழக்குப் பாதியிலிருந்த அலங்காரப் பொருள் கடையில் பித்தளையில் எழுத்து வெட்டுகிறவர். கடையில் மேசைத் தொலைநோக்கி, மணற்கடிகாரம், எந்தக் கப்பலிலும் பொருந்தாத கப்பல் சக்கரம் எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது திசைகாட்டிதான். மூடியின் மேல் நிரந்தர நாட்காட்டி செதுக்கிய, உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைத் திசைகாட்டி. வளையத்தைத் திருப்பி வருடத்தையும் மாதத்தையும் நேர்படுத்தினால் எந்தத் தேதி என்ன கிழமை என்று காட்டும். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டிய காலண்டரையும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்வார்கள். போன வாரம் செய்த திசைகாட்டியைக் கடை முதலாளி உப்பும் காடியும் கலந்த தொட்டியில் ஊறப்போட்டு இரு நூற்றாண்டு பழையதாக்குவார். பிறகு அதன் வரலாற்றைச் சொல்வார். வாடிக்கையாளர் கண்ணாடி போட்டிருந்தால் அது ஒரு வானியலாளருடையது. மீசை வைத்திருந்தால் ஒரு கடற்படைத் தளபதியுடையது. தம்பதியாக வந்தால், கரையில் காத்திருந்த காதலி ஒரு மாலுமிக்குக் கொடுத்தது. மூன்றையும் ஒரே குரலில், தொண்டை கட்டிக்கொள்ளும் அதே இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்வார்.

எழுத்து வெட்டுகிறவருக்கு ஒரு குணம் உண்டு. எழுத்தில் சிக்கனம். ஒற்றெழுத்துகளை அவர் பித்தளைக்குப் பிடித்த வியாதி என்று நினைத்தார். நினைவுப் பலகையோ பரிசுக் கேடயமோ, அவர் கை பட்டால் க், ச், த், ப் எல்லாம் காணாமல் போகும். அவளுக்கோ பகல் முழுக்க, மற்றவர்கள் தொலைத்த ஒற்றுகளைத் தேடிப் போடுவதே பிழைப்பு. ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டை போடப் போனாள்.

"'கல்வி தந்தை'ன்னு வெட்டியிருக்கீங்க. நடுவுல ஒரு த் எங்க?"

"அது இல்லாமலே படிக்க முடியுதுல்ல?"

"மூக்கு இல்லாமலும் மூஞ்சியைப் பார்க்க முடியும். அதுக்காக வெட்டிடுவீங்களா?"

அவர் அந்த த்-ஐ அங்கேயே நெருக்கிப் பிடித்துச் செதுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஏதாவது ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க அவள் அடிக்கடி வர வேண்டியிருந்தது. அவரும் விடாமல் விட்டுவைத்தார்.

தலைவர் சம்மதித்தார், ஆனால் மேடையில் ஏறிச் சம்மதித்தார். தன் பதவிக்காலம் மே கடைசியோடு முடிகிறது என்றும், பதவியில் இருக்கும்வரை தன் வீட்டில் எந்த விசேஷமும் நடக்காது என்றும், பரிசுப் பொட்டலத்தோடு ஒரு ஒப்பந்தக்காரரும் தன் வாசல் ஏற முடியாது என்றும் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒப்பந்தக்காரர்கள்தான் அதிகம் கைதட்டினார்கள். கல்யாணம் ஜூன் என்றானது இப்படித்தான்.

போகிற போக்கில் ஊருக்குத் தன்னை ஞாபகப்படுத்த ஏதாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சிலை என்றால் வேறு யாராவது வைக்க வேண்டும். அதற்கு ஆள் அகப்படவில்லை. ஆகவே தெரு நடுவே இடுப்பளவு தூண் எழுப்பி, அதன் மேல் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு பித்தளைத் திசைகாட்டி, சுற்றிலும் நிரந்தர நாட்காட்டி, மேலே கண்ணாடி மூடி என்று கடை முதலாளியிடம் சொல்லிவிட்டார். தகட்டின் விளிம்பில் தன் பெயரும் பொறுப்புகளும் வர வேண்டும் என்றார். நகரசபைத் தலைவர், முன்னாள் துணைத்தலைவர், அதற்கும் முன்னாள் உறுப்பினர், குடிநீர்க் குழுவின் நிரந்தர ஆலோசகர், நடைபாதைச் செம்மல், நூலகத்துக்கு மின்விசிறி வழங்கிய வள்ளல். வெட்ட வெட்ட விளிம்பு போதாமல் வரிகள் உள்ளே இறங்கின. 'வள்ளல்' வந்து மாத வளையத்தை இடித்தது. மாதங்கள் உள்ளே நகர்ந்து திசைகளை இடித்தன. மேற்குக்கு 'மே' வெட்ட வேண்டிய இடத்தில், ஏற்கனவே மாத வரிசையின் 'மே' வந்து உட்கார்ந்திருந்தது. எழுத்து வெட்டுகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

அப்பாவின் பட்டங்களைச் சரிபார்க்க வந்தவள், 'நடைபாதைச் செம்மலி'ல் ச் இருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்டாள். பிறகு உள்வட்டத்தைப் பார்த்தாள்.

"ஒரு மே குறையுதே."

"ஒண்ணு போதாதா? திசைக்கும் மே, மாசத்துக்கும் மே. ஒரே எழுத்து ரெண்டு வேலை பாக்குது, பாவம்."

அவர் சிரித்தார். அவள் அவர் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள். அவள் வாழ்க்கையில் கண்ணில் பட்டும் திருத்தாமல் விட்ட பிழை அது ஒன்றுதான்.

திறப்பு விழாவில் கடை முதலாளி மாலுமியையும் தளபதியையும் வானியலாளரையும் ஒரே பேச்சில் அடக்கினார். காலமும் திசையும் இனி நம் நகரசபையின் கையில் என்று தலைவர் பேசினார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே முப்பத்தொன்றுக்கு மறுநாள் காலை, பத்திரிகை போடுகிறவர் ஜூன் ஒன்று என்று அச்சான தாளைத் தூணைத் தாண்டி வீசினார். அது வாசலில் விழுந்தபோது மே ஒன்று என்றிருந்தது. மறுபடி பொறுக்கிக்கொண்டு கிழக்கே வந்து பார்த்தார், ஜூன். மேற்கே போனார், மே. வேறு வீடுகளுக்கும் போட வேண்டியிருந்ததால் அதோடு விட்டுவிட்டார்.

மே ஒன்று தொழிலாளர் விடுமுறை என்பதால் மேற்குப் பக்கம் அன்றைக்கு ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. அடுத்த மே ஒன்றுக்கும் போகவில்லை. கோடியில் இருந்த பள்ளிக்கூடம் கோடை விடுமுறை முடியாமல் பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் முதல் மூன்று மே வரை குதித்தார்கள், பிறகு சலித்துப்போய், கிழக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடும்படி அவர்களே கேட்டார்கள். மேயில் பிறந்தவர்கள் மாதந்தோறும் பிறந்தநாள் கொண்டாடிக் கொஞ்ச நாளில் தொண்ணூறைத் தாண்டினார்கள். மற்றவர்களுக்கு வயதே ஏறவில்லை. முடி மட்டும் எல்லோருக்கும் நரைத்தது. அது எந்தக் காலத்தில் காலண்டரைப் பார்த்திருக்கிறது?

தலைவர் தன் அலுவலக மேசை, நாற்காலி, அழைப்புமணி மூன்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தார். பதவிக்காலம் ஜூன் பிறக்கும்போது முடியும் என்பது விதி, ஜூன் பிறக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். அவரவர் இருக்கும் இடத்துத் தேதியே அவரவருக்குச் செல்லும் என்று பதில் வந்தது. கிழக்கே புதுத் தலைவர் ஒருவர் தேர்தலில் ஜெயித்து ஊரை ஆண்டார். மேற்கே பழைய தலைவர் அரைத் தெருவை ஆண்டார். முன்பைவிடச் சிரத்தையாக ஆண்டார் என்றே சொல்ல வேண்டும். முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகையை மட்டும் நான்கு முறை ஆய்வு செய்தார்.

மகள் குடையோடு வீட்டை விட்டுக் கிளம்புவாள். வெயிலில் குடையை மடக்கிப் பிடித்து நடந்து, தூணடியில் விரித்து, மழையில் அச்சகம் போவாள். சாயங்காலம் ஈரக் குடையோடு மேக்குள் நுழைந்தால் நாலு எட்டில் காய்ந்துவிடும். அத்தைக்கு இதில் ஒரு வசதி இருந்தது. கிழக்கே மழைக்காலத்தில் துணி காயவில்லை என்று புலம்புகிற தோழிகளின் துணிகளையெல்லாம் வாங்கி வந்து மொட்டைமாடியில் போடுவாள். அண்ணனின் நிர்வாகத்தில் விளைந்த ஒரே நன்மை இது என்பது அவள் கருத்து. அதை அண்ணன் காதில் விழும்படிதான் சொல்வாள்.

கிழக்கே இரண்டாவது ஜூனும் வந்து போனபின் எழுத்து வெட்டுகிறவர் பொறுமையிழந்தார். ஒரு மத்தியானம் தலைவர் கண்ணயர்ந்த நேரத்தில் கண்ணாடி மூடியைத் திறந்து, 'வள்ள'லுக்கும் மாத வளையத்துக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் இன்னொரு 'மே' வெட்டினார். அவர் அதைத் திசையாக நினைத்து வெட்டினார். தகடு அதை மாதமாக எடுத்துக்கொண்டது. மே ஒன்றுக்கு மறுநாளும் மே ஒன்றாகவே விடிந்தது. இனி ஒவ்வொரு தேதியும் இரண்டு முறை வரும் என்றாயிற்று. தலைவர் எழுந்து வந்து நன்றி தெரிவித்தார். மறுநாள், அதாவது அதே நாள், எழுத்து வெட்டுகிறவர் உப்புத்தாள் வைத்து அதைத் தேய்த்து எடுத்தார். அவர் வாழ்நாளில் அதிகப்படியாக ஓர் எழுத்து வெட்டியது அந்த ஒரு தடவைதான், அதுவும் உருப்படவில்லை.

திசைகாட்டியின் பழைய அசல் எங்கோ இருக்கும், அதில் மேற்கையும் மேயையும் எப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் வழி பிறக்கும் என்று நினைத்து மகள் கடை முதலாளியிடம் போனாள். அவர் வானியலாளரிலிருந்து ஆரம்பித்தார்.

"அண்ணே, என் தலை நரைச்சுகிட்டு வருது. நிஜத்தைச் சொல்லுங்க. இது எங்கேருந்து வந்தது?"

முதலாளி கதவுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து நசுங்கிய ஒரு பழைய திசைகாட்டியை எடுத்து அவள் முன் வைத்தார். மூடியின் பின்பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியின் முத்திரை இருந்தது. "வருஷக் கடைசில பெயின்ட் டப்பா நிறைய வாங்கினவங்களுக்கு இலவசமாக் கொடுத்தது. எங்கப்பா வாங்கினாரு. அதைப் பார்த்துத்தான் அச்சு எடுத்தோம்."

"மாலுமி?"

"வீட்டுக்கு வெள்ளையடிச்சவரு பேரு மாலுமின்னு வெச்சுக்கயேன்."

அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மேற்குக்கு வேறு எழுத்து, மே மாதத்துக்கு வேறு எழுத்து. ஒன்று மற்றதன் பக்கத்தில்கூட இல்லை. இரண்டும் ஒன்றாகிப்போக நம் மொழியில் மட்டும்தான் முடியும். அவள் இதைப் போய் அப்பாவிடம் சொன்னது தவறாகப் போயிற்று. அவர் அன்றே கூட்டம் போட்டு, திசையையும் காலத்தையும் ஒரே எழுத்தில் அடக்கிய பெருமை உலகில் வேறெந்த மொழிக்கும் வாய்க்கவில்லை என்று முழங்கினார். கேட்டுக்கொண்டிருந்த முடிதிருத்துகிறவர் கண்கலங்கினார். தகட்டில் கைவைப்பவர் மொழியில் கைவைப்பவர் என்று தீர்மானம் நிறைவேறியது.

அதன் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின, கிழக்குப் பக்கம் மட்டும். அவளோடு அச்சகத்தில் சேர்ந்தவர்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அந்த அழைப்பிதழ்களுக்கெல்லாம் அவள்தான் பிழை திருத்தினாள். எழுத்து வெட்டுகிறவர் காத்திருந்தார். ஒற்றெழுத்துகளையெல்லாம் ஒன்று விடாமல் வெட்டப் பழகியிருந்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. நீ இந்தப் பக்கம் வந்துவிடு, பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒருநாள் சொன்னார். அவள் வருவாள், தடுப்பவர் யாருமில்லை. ஆனால் அம்மா போன பிறகு அவளை வளர்த்தவர் அப்பா. கோணலாக வகிடெடுத்துப் பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிய கை அது. அவர் இல்லாமல் கல்யாணம் என்று நினைத்தாலே, எழுத்து விட்டுப்போன பக்கத்தை அச்சுக்கு அனுப்புகிற மாதிரி அவளுக்கு இருந்தது. அவர் தூணைத் தாண்டினால் அந்த நிமிடமே பதவி முடிந்துவிடும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்பா, நீங்க வரலைன்னா நான் பண்ணிக்க மாட்டேன்."

"ஜூன் வரட்டும்மா. ஜாம் ஜாம்னு நடத்தறேன்."

"அந்தப் பக்கம் எத்தனையோ ஜூன் வந்துட்டுப் போயிடுச்சு."

"அது அவங்க ஜூன். நமக்கு இன்னும் வரலை."

துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினாள். "ஏண்ணே, பதவில இருக்கிறவரைக்கும் வீட்டுல விசேஷம் கிடையாதுன்னுதானே மைக்குல சொன்னே? ரோட்டுல நடக்காதுன்னு சொல்லலியே?"

தலைவர் யோசித்தார். தன் வாக்கை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறார்களே என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தூணடியிலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. மேற்குப் பக்கம் பெண் வீட்டார் விசிறியோடு உட்கார்ந்தார்கள். கிழக்கே நவம்பர், மாப்பிள்ளை வீட்டார் குடைக்குள் நின்றார்கள். தேதி குழம்பிய பதிவு செல்லாது என்பதால் பதிவாளர் தன் மேசையை எல்லையை ஒட்டிக் கிழக்கே போட்டு, அதற்குமேல் தார்ப்பாயைக் கட்டியிருந்தார். எல்லைக்கு மேற்கே, மேயின் கடைசி நாற்காலியில் தலைவர். மணமகள் கையெழுத்திட்டாள். மணமகன், முதல்முறையாக, தன் பெயரை முழுசாக எழுதினார். பிறகு பதிவாளர் பேனாவை நீட்டி, பெண்ணின் தகப்பனார் சாட்சி போட வேண்டும் என்றார்.

தலைவரின் வலது கை தூண்வரை வந்து நின்றது. தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் விரல்நுனிக்கு ஒரு சாண் முன்னால் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை பின்னால் திரும்பி, வெயிலில் பளபளத்த தன் மேசையையும் அழைப்புமணியையும் பார்த்தார். முன்னால் மகள் நனைந்துகொண்டு நின்றாள். குடையை விரிக்கவில்லை.

"போறது கைதானே," என்றாள் அத்தை. "நாற்காலியா போகுது? நீட்டுண்ணே, பிள்ளை நனையுது."

அவர் நீட்டினார். சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது. பேனாவைப் பிடித்து, எல்லாப் பட்டங்களையும் விட்டுவிட்டு, பெயரை மட்டும் எழுதினார். தாளில் இடம் இருந்தது. இருந்தும் பெயரை மட்டும்தான் எழுதினார். எழுதி முடித்த கை திரும்பவில்லை. அது மகளின் தலைக்குப் போய், ஈரமான வகிட்டை விரலால் நேராக்கிவிட்டது. கையை அவர் இழுத்துக்கொண்டபோது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கியிருந்தது. விட்டுப்போன நவம்பர்களெல்லாம் மொத்தமாக வந்து இறங்கிய மாதிரி.

மறுநாள் அலுவலகத்தில் பேனாவைத் தொட்டபோது வலது கை மறுத்துவிட்டது. சாப்பிட்டது, தலை வாரியது, கதவு திறந்தது. கோப்பில் கையெழுத்து என்றால் மட்டும் விரல்கள் மடங்கவில்லை. மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, கைக்கு ஒன்றுமில்லை, அது ஓய்வு பெற்றுவிட்டது, அவ்வளவுதான் என்றார். நகரசபை கைக்கு முறைப்படி வழியனுப்பு விழா நடத்தியது. மணிக்கட்டில் மாலை போட்டு, ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார்கள். தலைவர் நீண்ட நேரம் பேசினார்; தன் பேச்சுக்குத் தகுந்தபடி அந்தக் கை ஆடாததை அவரே கவனித்து, சீக்கிரம் முடித்துக்கொண்டார். இடது கையால் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆறேழு மே பிடித்தது. அதுவரை எந்தக் கோப்பும் நகரவில்லை. முன்பும் நகர்ந்ததில்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்து வந்த ஒரு ஜனவரியில் பேத்தி பிறந்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அலுவலகத்தை மூடிவிட்டு அவர் நாற்காலியை எல்லைவரை இழுத்துவந்து போடுவார். வலது கையை மட்டும் தாண்டி நீட்டுவார். மகள் குழந்தையை அதன் மேல் சாய்த்துப் படுக்கவைப்பாள். கை அவளைத் தட்டிக்கொடுக்கும், கிச்சுக்கிச்சு மூட்டும், மழைபெய்தால் அவள் நெற்றிக்கு மேல் கூரையாகக் கவிந்துகொள்ளும். கை போக மீதி மனிதர் அந்தப் பக்கம் விறைப்பாக உட்கார்ந்து பதவியில் இருப்பார். போகிற வருகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது அந்தக் கையைத்தான் அவள் தாத்தா என்று கூப்பிட்டாள். மீதி மனிதரை, ஊரோடு சேர்ந்து, தலைவர் என்றாள்.